மூன்றாம் மாடி விளக்குக் கடை

அக்டோபர் 4

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணன் எழுதுவது. மகள், மாப்பிள்ளை, குழந்தைகள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேரும் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்டிருக்க மாட்டாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முணுமுணுப்பாய். இந்த வீட்டில் கூடத்தில் நின்று பேசினால்தான் போன் ஒழுங்காகக் கேட்கும். அப்படிப் பேசினால் உனக்கு முன்னால் மற்ற நாலு பேருக்கும் கேட்டுவிடும். செல்போனிலோ நான் ஒன்றை அழுத்தினால் அது வேறொன்றை எடுக்கிறது. பேனா சொன்ன பேச்சைக் கேட்கும்.

வந்து ஆறு வாரம் ஆகிறது. மகள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வேலைக்குப் போகிறாள். பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம். விடிவதற்குள் கிளம்பி, விளக்கு ஏற்றிய பிறகு வருகிறாள். "நீங்க வந்ததாலதான்பா நான் பென்சில் பிடிக்கிறேன்" என்றாள். பேத்திக்கு ஐந்து வயது, மதியம் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். பேரனுக்கு மூன்று. வெளியே நிற்க முடியாத குளிர். நாலு சுவருக்குள் வைத்தால் இரண்டும் சுவரைத் தின்றுவிடும். அதனால் தினமும் இரண்டு மணிக்கு மாலுக்குப் போகிறோம். எங்கள் கட்டடத்திலிருந்து கூரை போட்ட நடைபாலம் நேராக அங்கேதான் போகிறது.

எப்படிச் சொல்வேன் ஊசி! ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்தை மைதானத்தோடு பெயர்த்து அதன் நடுவில் வைத்தால், மூன்று மாடிகளிலும் ஜனங்கள் கம்பியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டே பிரேயரை வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவு பெரிது. தரை, இறைத்துவிட்ட தண்ணீர் மாதிரி மினுங்குகிறது. முதல் நாள் நான் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கப் போனேன், அப்புறம்தான் பேன்ட் போட்டிருப்பது ஞாபகம் வந்தது. கதவு தானாகத் திறந்தபோது யாருக்காக என்று திரும்பிப் பார்த்தேன். பேத்தி, "தாத்தா, உங்களுக்குத்தான் திறக்குது. போங்க" என்றாள். எனக்காக ஒரு கதவு தானாகத் திறந்தது இதுதான் முதல் தடவை.

காலுறைக்கு மட்டும் ஒரு கடை இருக்கிறது. ஓடும் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். அவர் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார், கைப்பிடி ஓடிவந்து தன்னைத் துடைத்துக்கொள்கிறது. இப்படி வேலை தேடி வருகிற உத்தியோகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படி எந்த இடத்தில் பிரிகிறது என்பது எனக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. பேத்திதான் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, "இப்போ கால வைங்க. நில்லுங்க. இப்போ எடுங்க" என்று உத்தரவு போடுகிறாள். அவளுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்துவிட்டேன். சின்னவன் பட்டாணி. எங்கே வைத்தாலும் உருண்டுவிடுவான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

அக்டோபர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். முழங்காலும் சௌக்கியம், அதாவது வலி சௌக்கியமாக இருக்கிறது. மோட்டார் போடவில்லை. மிதித்தால்தான் எனக்குத் தையல் மாதிரி இருக்கும்.

உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். பிளவுஸ் வாங்க வந்த டீச்சரம்மா தரையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் வழுக்கி விழுந்துடப் போறார்" என்றார். நீங்கள் விழ மாட்டீர்கள், கலெக்டர் பிடித்துக்கொள்வாள் என்று சொன்னேன். காலுறைக் கடையில் கிழிந்ததைத் தைத்துத் தருவார்களா? தருவார்கள் என்றால் நானும் வந்துவிடுகிறேன்.

ஒரு விஷயம். எனக்குத் துணியில் கோடு பார்த்தே பழகிய கண். உங்கள் கடிதத்தில் வரிகள் வலது பக்கம் மலையேறுகின்றன. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி மேலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள். கோடு போடாத தாளில் கோடு போட்டது போல எழுதுகிற கை உங்களுடையது. அந்தக் கைதானா இது? கண்ணாடி மாற்ற வேண்டுமா? மகளிடம் சொன்னால் ஒரு நாளில் மாற்றிக் கொடுப்பாளே.

குழந்தைகளுக்கு என் முத்தம்.

ஊசி

*

நவம்பர் 16

அன்புள்ள ஊசிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை மாலில் உட்கார்ந்துதான் படித்தேன். அங்கே வெளிச்சம் அப்படி. வீட்டு ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடம் நிற்கிறது, பகலிலும் அரை இருட்டு. மாலில் மேலே, கீழே, பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் விளக்கு. ஒரு மனிதனுக்கு ஏழெட்டு நிழல் விழுகிறது, ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை.

குழந்தைகளை எப்படி மேய்க்கிறேன் என்று கேட்பாய். நாற்பத்தைந்து பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவனுக்கு இரண்டு பேர் ஒரு கணக்கா? அதே பழைய முறைதான். ஒரு கயிறு, அதில் முடிச்சுகள். ஒரு முடிச்சு கலெக்டருக்கு, ஒன்று பட்டாணிக்கு, நுனி எனக்கு. மாடி ஏறியதும், மாடி இறங்கியதும், கடைக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவு. "கலெக்டர்?" "ஆஜர்!" "பட்டாணி?" "ஆஜர்!" அவனுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் கூட்டமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான். இப்போது காவலாளிகூட எங்களைக் கண்டால் கையைத் தூக்கி "ஆஜர்" என்கிறார்.

பட்டாணிக்குக் குளிர்ச் சட்டை வாங்கினோம். குவியலாகக் கொட்டி விற்றார்கள். மகள் சாம்பல் நிறம் எடுத்தாள். நான் பிடிவாதமாகப் பளீரென்ற மஞ்சள் எடுத்தேன். தூரத்திலிருந்தே தீப்பந்தம் மாதிரி தெரிகிறான்.

கலெக்டருக்கு என் மேல் ஒரு புகார். கதை சொல்லும்போது, "தாத்தா, என் மூஞ்சியப் பாருங்க. ஏன் காதையே பாக்குறீங்க?" என்கிறாள். உன் காது அழகாக இருக்கிறது என்று சமாளித்தேன்.

கண் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. மேஜைதான் கொஞ்சம் ஆடுகிறது.

அண்ணன்

*

டிசம்பர் 3

அண்ணா,

நலம். நலமா என்று கேட்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மேஜை ஆடினால் வரி நடுங்கும். மலையேறாது. நான் முப்பது வருஷமாக ஆடுகிற மேஜையில் துணி வெட்டுகிறவள்.

மஞ்சளா? நீங்களா? அண்ணி இருந்தபோது இளநீலச் சட்டை தைத்துக் கொடுத்ததற்கே, "நான் என்ன சர்க்கஸ்காரனா?" என்று திருப்பிக் கொடுத்த மனிதர் நீங்கள். குழந்தை முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறீர்கள். படி பிரிகிற இடம் தெரியவில்லை. வீட்டில் வைத்துக் கடிதம் படிக்க முடியவில்லை. இதையெல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதாதது ஒன்றுதான்.

நேராகக் கேட்கிறேன். கண் தெரிகிறதா, இல்லையா? உங்கள் மகளுக்குத் தெரியுமா? உங்களைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பதில் வேண்டும்.

நலமா?

ஊசி

*

டிசம்பர் 24

அன்புள்ள ஊசிக்கு,

பிடித்துவிட்டாய். உனக்கு நான் வைத்த பேர் பொருத்தம்தான்.

கரும்பலகையில் ஒரு சொல் எழுதி, அதன் நடுவில் மட்டும் கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும், நடுவில் புகை. எனக்கு அப்படி இருக்கிறது. வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடும், பக்கத்தில் இருப்பது தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காதைப் பார்க்க வேண்டும். நேர்க்கோடு வளைந்து தெரியும். அதனால்தான் வரி மலையேறுகிறது.

ஒரு வருஷம் ஆகிறது. மாதாமாதம் பென்ஷன் அலுவலகம் போவதாக உன்னிடம் சொன்ன நாட்களில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கண்ணுக்குள் மருந்து செலுத்துவார்கள். போனது திரும்பாது, இருப்பது நிற்கும், ஆனால் நிறுத்தாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். ஏழு முறை போட்டார்கள். அந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, திரும்பக் கூப்பிடுறாங்க, இதை விட்டா இனிமே கிடைக்காது. ஒரே ஒரு வருஷம் வந்து குழந்தைங்களப் பாத்துக்குறீங்களா?" அவள் குரல் அழுவதற்கு ஒரு அடி முன்னால் நின்றது. வருகிறேன் என்றேன். மருந்து நின்றது.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? மறுநாளே வேலையை விடுவாள். இரண்டு குழந்தைகளோடு மூன்றாவதாக என்னையும் வைத்துக்கொள்வாள். அவளுடைய முதல் பாலம் இப்போதுதான் தாளில் எழும்புகிறது.

இனி நான் சொல்லப்போவதற்காக நீ என்னைத் திட்டக்கூடாது. மூன்றாம் மாடியில் ஒரு விளக்குக் கடை இருக்கிறது. விளக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இருநூறோ முந்நூறோ தொங்குகின்றன, எல்லாம் எரிகின்றன. ஒரு நாள் கலெக்டர் அதன் நடுவில் போய் நின்று, "தாத்தா, நான் எப்படி இருக்கேன்?" என்று அண்ணாந்தாள். அந்த வெளிச்சத்தில், காதுப் பக்கமாகப் பார்த்தபோது, அவள் முகம் முழுதாக வந்தது ஊசி. மேல் பல் ஒன்று விழுந்திருக்கிறது. இடது கன்னத்தில் மச்சம் இருக்கிறது. கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்தக் குழந்தையோடு நாலு மாதம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், மச்சம் இருப்பது தெரியாது. அப்படியே நின்றேன். பிறகு பட்டாணியையும் இழுத்து வந்து பார்த்தேன். அவனுக்கு உன் மூக்கு. பாவம்.

தினமும் போகிறேன். கடைப் பெண் எதையும் வாங்கச் சொல்வதில்லை. நாற்காலி போடுகிறாள்.

யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்

*

ஜனவரி 9

அண்ணா,

திட்டக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியையும் பாதி மறைத்து மேலே இன்னொரு வரி இருந்ததால் நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னதை நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டு போய்க்கொண்டிருக்கிறது. வெட்டிய துணியை ஒட்ட முடியுமா? மகள் வேலை விட்டால் இன்னொரு வேலை பார்ப்பாள். உங்களுக்கு இன்னொரு கண் எந்த மாடியில் விற்கிறார்கள்?

என் மூக்கு என்றதற்கு மட்டும் மன்னிக்கிறேன்.

ஒரு மாதம் தருகிறேன். அதற்குள் நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் நான் போன் செய்வேன், கூடத்தில் நாலு பேரும் கேட்கட்டும்.

ஊசி

*

பிப்ரவரி 14

அண்ணாவுக்கு,

ஒரு மாதம் தாண்டி ஐந்து நாள் ஆகிறது. தபால்காரர் கடையைக் கடந்து போகும்போதெல்லாம் மெஷினை நிறுத்துகிறேன். இப்போது அவரே தூரத்திலிருந்து கையை ஆட்டி இல்லை என்கிறார். கோபமா? உடம்பு சரியில்லையா? நாலு வரி போதும். மலையேறினாலும் பரவாயில்லை.

ஊசி

*

பிப்ரவரி 27

அன்புள்ள ஊசிக்கு,

உடம்பு நலம். கோபம் இல்லை. எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து நீயே புரிந்துகொள்வாய். ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை எழுத ஐந்து தாள் கிழித்தேன்.

ஜனவரி கடைசி வாரம். கீழ்த் தளத்தில் குழந்தைகளுக்கான குட்டி ரயில் ஓடுகிறது. இரண்டும் அதில் சுற்றி வந்தன. நின்றதும் இருபது குழந்தைகள் ஒன்றாக இறங்கின. நான் கயிற்றை நீட்டினேன். கலெக்டர் ஒரு முடிச்சைப் பிடித்தாள். மஞ்சள் சட்டை வந்து இன்னொரு முடிச்சைப் பிடித்தது. ஒன்று, இரண்டு. எண்ணிக்கை சரி. முப்பத்து நாலு வருஷம் அப்படித்தான் எண்ணினேன். தலையை எண்ணுவேன், முகத்தை அல்ல. "பட்டாணி?" என்றேன். பதில் இல்லை. இரண்டாவது சுற்றுக்கு விடவில்லை என்று கோபம் என நினைத்துக்கொண்டேன்.

படியேறினோம். இரண்டாம் மாடி போனோம். மீன் தொட்டி பார்த்தோம். மூன்றாம் மாடியில் விளக்குக் கடைக்குள் நுழைந்து, வழக்கம் போல அவனை வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன்.

வேறு குழந்தை.

எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கலெக்டரிடம், "பட்டாணி எங்கம்மா?" என்றேன். "கீழ ரயில்கிட்ட." "இது யாரு?" "தெரியாது." "ஏன்மா சொல்லல?" அவள் ஆச்சரியமாகக் கேட்டாள்: "நீங்கதானே தாத்தா எண்ணினீங்க? சரின்னு சொன்னீங்களே."

அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், ஊசி. தம்பி இல்லை என்று தெரியும். ஆனால் தாத்தா எண்ணி, சரி என்றுவிட்டார். தாத்தா சொன்னால் ஏதோ காரணம் இருக்கும். தன் கண்ணை விட என் எண்ணிக்கையை நம்பியிருக்கிறாள். அந்த இன்னொரு குழந்தையும் அப்படித்தான். யாரோ கயிறு நீட்டினார்கள், பிடித்துக்கொண்டது, மூன்று மாடி ஏறி வந்தது. இத்தனை பெரிய கட்டடத்தைப் பார்த்து ஐந்து மாதமாக வாய் பிளக்கிறேனே, அன்றுதான் அதற்குள் மிகப் பெரியது எது என்று பார்த்தேன். இரண்டு குழந்தைகளின் கையில், ஒரு முழக் கயிற்றில் இருந்தது.

அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கலெக்டர் "இப்போ கால வைங்க" என்று கத்தக் கத்த இறங்கினேன். கீழே ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். பக்கத்தில் நம் காவலாளி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பட்டாணி. வருகிற போகிறவர்களைப் பார்த்து, "ஆஜர், ஆஜர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சத்தமாக இல்லை. கேட்கிறவர் இல்லாததால் குரல் இறங்கிவிட்டது.

பதினோரு நிமிடம் என்றார் காவலாளி.

அந்தப் பெண் தன் குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு மஞ்சள் சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே குவியலில் எடுத்தவை. அழுகையோடு சிரித்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். சட்டையால் வந்த குழப்பம் என்று நினைத்து என்னை மன்னித்துவிட்டாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. அது காரணம் இல்லை அம்மா என்று நான் சொல்லவில்லை.

அதை விடவும் ஒன்று இருக்கிறது. அன்று சாப்பிடும்போது கலெக்டர், "அம்மா, இன்னிக்கு தாத்தா வேற பாப்பாவக் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்றாள். மாப்பிள்ளை, "மாத்திக்கிட்டு வந்திருக்கலாமே மாமா, அந்தப் பாப்பாவாவது சொன்ன பேச்சக் கேட்டிருக்கும்" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். கலெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தவன். சிரித்ததும் பொய் சொன்னவன் ஆகிவிட்டேன். அதுவும் அவள் முன்னால்.

மறுநாளிலிருந்து கால் வலி என்று சொல்லிக் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அண்ணன்

*

மார்ச் 13

அண்ணா,

படித்துவிட்டுக் கடையை மூடிவிட்டேன். திட்டப் போவதில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கெடு முடிந்த அன்று போன் செய்தேன். உங்கள் மகள்தான் எடுத்தாள். "அத்தை! பாலத்துக்கு என் வரைபடத்த ஒத்துக்கிட்டாங்க! அப்பா இல்லன்னா நான் எங்க அத்தை!" என்று மூச்சு விடாமல் பேசினாள். நான் பருத்தி விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன். உங்களுக்கு வாய் வராதது போலத்தான் எனக்கும் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு மாதம் கெடு கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான். ஆகவே அந்தப் பதினோரு நிமிடத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இனி நான் போன் செய்ய மாட்டேன். நான் சொன்னால் அது கோள் மூட்டுவது. நீங்கள் சொன்னால்தான் அந்தக் குழந்தைக்குப் பதில். அவள் உங்கள் எண்ணிக்கையை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேச வராவிட்டால் அவளை அந்த விளக்குக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே உங்களுக்குத் தைரியம் வரும் என்று தோன்றுகிறது.

ஊசி

*

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, மகளை மட்டும் மாலுக்குக் கூப்பிட்டேன். "என்னப்பா வாங்கணும்?" என்றாள். "ஒண்ணும் வாங்க வேண்டாம். வந்து நில்லு, போதும்" என்றேன். கால் வலி போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடைப் பெண் நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. மகளை அத்தனை விளக்குக்கும் நடுவில் நிறுத்தினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருட்டில் போகிறாள், விளக்கு ஏற்றிய பின் வருகிறாள், வீட்டில் அரை இருட்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏர்போர்ட்டில் வழியனுப்பிய பெண்ணின் முகம். மனசில் இருந்ததை எடுத்துப் புகைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். விளக்குக்கு அடியில் நின்றவள் வேறு ஒருத்தி. நெற்றியோரம் நரைத்திருக்கிறது. மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஊசி, எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா! ஒரு மனுஷி உழைத்து உழைத்துத் தானே செய்துகொண்ட முகம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னப்பா, என் காதையே பாக்குறீங்க?"

"காதப் பாத்தாதாம்மா உன் மூஞ்சி தெரியுது."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்கு... வேற பாப்பான்னு அவ சொன்னது..."

"நிஜம்."

கீழே இருந்த அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், கயிறு, பதினோரு நிமிடம், பென்ஷன் அலுவலகம். பாலத்தைப் பற்றியும் சொன்னேன். முடிந்ததும் ஒரே கேள்வி.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது."

அதைச் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. அன்று சாம்பல் நிறச் சட்டையைக் குவியலில் திருப்பி வைத்தபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா சொன்னால் சரி என்று வைத்திருக்கிறாள். மகளும் பேத்தியும் ஒரே ஜாதி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. கடைப் பெண் பயந்து பின்னால் போய்விட்டாள். "என் குழந்தை தொலைஞ்சிருக்கு, நான் சோத்தத் தின்னுட்டுச் சிரிச்சிருக்கேன். என்ன சிரிக்க வச்சிட்டீங்களேப்பா! என் வேலைக்கு உங்க கண்ண நான் கேட்டேனா? கேட்டேனாப்பா?"

கேட்கவில்லை என்றேன்.

அழுதாள், மூக்கைத் துடைத்தாள், அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். வரும் வழியில் நடைபாலம் முடிகிற வரைக்கும் என் முழங்கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கலெக்டரை உட்காரவைத்து, "தாத்தா அன்னிக்குத் தப்பா எண்ணிட்டேன். நீ பாத்ததுதான் சரி" என்றேன். அவள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இனிமே நான் எண்ணட்டுமா?" என்றாள்.

அண்ணன்

*

மே 6

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணன் சொல்ல, மகள் எழுதுவது. வரிகள் நேராக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கே அனைவரும் நலம். கண்ணுக்கு இரண்டு முறை மருந்து போட்டாகிவிட்டது. டாக்டர் திரையில் என் கண்ணின் உட்புறத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிரகம் மாதிரி இருந்தது, அதில் சிவப்பு நதிகள் ஓடின. இவ்வளவு பெரிய ஊர் இந்தச் சின்னக் குழிக்குள் இருந்திருக்கிறது, எழுபது வருஷமாக எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் மால் எல்லாம் பெட்டிக்கடை. பட்டாணி, "தாத்தா கண்ணுக்குள்ள நிலா" என்று கத்தினான். இடது கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

(அத்தை, டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வலது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் என்றார். இடது கண்ணை நிறுத்தப் பார்க்கிறோம், நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இதை அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "சரி, அதையும் போடு" என்கிறார்.)

மகள் வேலையை விடவில்லை. இரண்டு வாரம் லீவு எடுத்தாள், பிறகு போய்விட்டாள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மாலின் இரண்டாம் மாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மதியம் இரண்டு பேரும் அங்கே. நானும் கூடவே போய் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருக்கிற அம்மாள் கெட்டிக்காரி. எண்ணும்போது முகத்தைப் பார்த்து எண்ணுகிறாள். என்னையும் சேர்த்து எண்ணுகிறாள் என்று சந்தேகம்.

(சந்தேகம் இல்லை, சேர்த்துத்தான். நான்தான் சொல்லிவைத்தேன்.)

மாப்பிள்ளை வீடு முழுவதும் விளக்கை மாற்றிவிட்டார். எதிர்க் கட்டடத்துக்காரர் வந்து, இங்கே ஏதாவது விசேஷமா என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது மகள் திட்டும்போது முகம் தெளிவாகத் தெரிகிறது. தெரியாமல் இருந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

உன் முழங்காலுக்கு மோட்டார் போடு. பதில் போடு.

அண்ணன்

(அத்தை, ஒன்று மட்டும். இனிமேல் உங்கள் கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அதனால் எனக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள் இருவரும் நினைக்கிற விஷயம் எது இருந்தாலும், அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.)